கணக்கில் உண்டு, கையில் இல்லை

ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்தில் சேர்ந்தவருக்கு, அவர் பெயரிலேயே ஒரு நிதித் திட்டம் எழுதித் தரப்படுகிறது. அதில் சில உதவிகளுக்கு நேராக ‘இன்-கைண்ட்’ என்று குறித்திருப்பார்கள். அந்தச் சேவைக்கு மாநில அரசோ பெடரல் அரசோ முன்பே பணம் கட்டிவிட்டது என்று பொருள். அதற்கான தொகை பயனாளியின் கணக்கில் சேர்கிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு வேறொரு நிறுவனத்தை நாட, பொதுவாக அவரால் முடியாது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு அரசு, சேவை தரும் நிறுவனங்களுக்கு மொத்தமாக மானியம் கொடுத்தது. அவை தந்ததை மக்கள் பெற்றுக்கொண்டார்கள். அந்த முறையைத் தலைகீழாக்கி, பணம் ஆளைப் பின்தொடர வேண்டும் என்று உற்பத்தித்திறன் ஆணையம் 2011இல் பரிந்துரைத்தது. 2013இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் சோதனைக் களங்கள் தொடங்கின. 2020க்குள் திட்டம் நாடெங்கும் பரவியது. மாநிலங்களிடம் அப்போது சொந்தமாகக் குழு இல்லங்களும் சிறப்புப் பள்ளிப் பேருந்துகளும் பல்லாண்டு அனுபவமுள்ள பணியாளர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலைக்க முடியாது. எனவே திட்டத்துக்குத் தாங்கள் தர வேண்டிய பங்கில் ஒரு பகுதியை மாநிலங்கள் பணமாகத் தராமல் சேவையாகவே தந்து, கழித்துக்கொண்டன.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகும் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். காலையில் வாசலுக்கே பேருந்து வருகிறது. அதன் தூக்குமேடை கீழிறங்கி நாற்காலியை உள்ளே ஏற்றுகிறது. பட்டைகளைப் பூட்டத் தெரிந்த ஒருவர் உடன் இருக்கிறார். அதே உதவியைத் தனிப் பணமாகக் கொடுத்தால், ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியே வாகனம் தேட வேண்டும். நகரத்தில் கிடைக்கலாம், தொலைதூரச் சிற்றூரில் சேவை தர ஒருவர்கூட இல்லாமல் போகலாம். பலருக்கும் சேர்த்து ஓடுவதால்தான் அந்தப் பேருந்து ஓடுகிறது.

ஆனால் அந்தச் சிறுமி வளர்ந்து, குழு இல்லத்தில் வாழும் பெண்ணாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் அவளைக் குளிப்பாட்டுபவர் யார், இரவில் எத்தனை மணிக்குப் படுக்க வைப்பார் என்பது அவள் உடலையும் மானத்தையும் தொடும் விஷயம். அங்கேயும் அரசு முன்பே பணம் கட்டிவிட்ட நிறுவனம்தான் என்றால், அவளுடைய அதிருப்திக்கு எந்த வலுவும் இல்லை. அவள் விலகினாலும் நிறுவனத்துக்கு இழப்பில்லை. ‘தெரிவும் கட்டுப்பாடும்’ பயனாளியிடமே இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, இது அந்த வாக்குறுதியை உள்ளிருந்தே அரிக்கிறது.

இரண்டாவது குறை கணக்கைச் சார்ந்தது. இன்-கைண்ட் தொகையும் சேரும்போது பயனாளியின் நிதித் திட்டத்தின் மொத்தத் தொகை பெரிதாகத் தெரிகிறது. கூடுதல் சிகிச்சை கேட்டுப் போராடும் குடும்பத்துக்கு உண்மையில் கையாளக் கிடைப்பதோ அதைவிடக் குறைவு. சேவையின் செலவு திட்டத்தின் விலை வரம்பைத் தாண்டினால் அந்தச் சுமை யாருடையது என்ற அரசுகளுக்கிடையிலான கேள்வியும் எழுகிறது. இந்த ஏற்பாட்டைப் புதிய முறைக்கு மாறும் காலத்துக்குள் படிப்படியாக முடிக்க வேண்டும் என்று அதே உற்பத்தித்திறன் ஆணையம் 2017இல் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும், எல்லாவற்றையும் பணமாக மாற்றுவதே தீர்வு என்று நான் கருதவில்லை. பேருந்தையும் குளியலறை உதவியையும் ஒரே தலைப்பில் வைத்ததுதான் பிழை. பலர் சேர்ந்தால் மட்டுமே நிலைக்கும் சேவையைத் தனிநபர் தொகையாகக் காட்டவே வேண்டாம்; பொதுச் சேவையாக, உரிமையாக, திட்டத்துக்கு வெளியே வைத்து அரசு நடத்தட்டும். உடலையும் வீட்டையும் தொடும் உதவி முழுவதும் பணமாகப் பயனாளியிடமே வர வேண்டும். குழு இல்லத்தில் வாழும் அந்தப் பெண்ணுக்குப் பழைய பணியாளரே பிடித்திருந்தால் அவரையே அவள் வைத்துக்கொள்ளட்டும். ‘நாளை முதல் நீங்கள் வர வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தன்னிடம் இருக்கும்போதுதான், அவரை வைத்துக்கொள்வது அவள் எடுத்த முடிவாகும்.