அஸ்ட்ரா காரில் ஒரு ஃபார்முலா ஒன் பாடம்

கிமி ராய்க்கோனன், ஹுவான் பாப்லோ மோன்டோயா, டேவிட் கூல்தார்டு மூவருமே ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்றவர்கள். மூவருமே இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள புருண்டிங்தோர்ப் என்ற பழைய விமானப்படைத் தளத்துக்குப் போய், ஊரில் எல்லோரும் ஓட்டுகிற வாக்ஸால் அஸ்ட்ரா காரில் உட்கார்ந்து, கார் ஓட்டப் பாடம் கேட்டவர்கள். பக்கத்து சீட்டில் இருந்து பாடம் சொன்னவர் ராப் வில்சன், நியூசிலாந்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர்தான். ஓட்டுநராகச் சம்பாதித்த பெயரைவிட வாத்தியாராகச் சம்பாதித்த பெயர் பெரிது.

ஏன் அஸ்ட்ரா? ஃபார்முலா ஒன் காரைக் காற்றழுத்தம் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. டிரைவரின் சின்னச் சின்னப் பிசகுகள் அதில் மறைந்துவிடும். சாதாரணக் காரில் ஒளிய இடமில்லை. பிரேக்கை மிதித்தால் மூக்கு தாழ்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உடம்பு சாய்கிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் அமர்கிறது. எடை எந்த டயரில் இருந்து எந்த டயருக்குப் போகிறது என்பதை இருக்கையிலேயே உணரலாம். வில்சனின் பாடமே அந்த எடைதான்.

ரேஸிங் லைன் பற்றிப் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது கணக்கு. வளைவுக்குள் வெளிவிளிம்பில் இருந்து நுழை, உள்விளிம்பைத் தொடு, மறுபடி வெளிவிளிம்புக்குப் போ. உள்விளிம்பைத் தொடும் அந்தப் புள்ளிதான் அபெக்ஸ். இப்படி ஓட்டினால் வளைவின் ஆரம் பெரிதாகும். ஆரம் பெரிதானால் வேகம் கூடும். டயரின் பிடிப்பு காரின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 62 கி.மீ. வேகத்தில்தான் திரும்ப முடியும். அதையே 50 மீட்டராக விரித்தால் 80 கி.மீ. வேகம் கிடைக்கும். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் லேப் என்பது ஒற்றை வளைவல்ல. வளைவு முடிந்ததும் நேர்ப்பாதை வரும். வளைவில் இருந்து 80 கி.மீ. வேகத்தில் வெளிவருகிற கார் ஒன்று, 84 கி.மீ. வேகத்தில் வெளிவருகிற கார் ஒன்று. இரண்டுக்கும் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் கூடுகிறது என்றால், 600 மீட்டர் நேர்ப்பாதையின் முடிவில் வித்தியாசம் கிட்டத்தட்ட கால் வினாடி. வளைவுக்கு உள்ளே வீரம் காட்டி இந்தக் கால் வினாடியைப் பிடிப்பது கடினம். அதனால்தான் அபெக்ஸைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, காரைச் சீக்கிரம் நிமிர்த்தி, முன்னதாகவே ஆக்சிலரேட்டருக்குப் போகச் சொல்கிறார்கள்.

வில்சன் இதை இன்னும் ஒரு படி நீட்டுகிறார். அழகான, நீளமான வளைவுக்கோடு எப்போதும் வேகமான கோடு அல்ல என்பது அவர் கட்சி. பக்கவாட்டில் உழைக்கும் டயரால் முன்னே தள்ளும் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. எனவே திரும்ப வேண்டியதைக் குறைந்த வேகத்தில், குறுகிய தூரத்தில் திரும்பி முடித்துவிட்டு, மற்ற தூரமெல்லாம் காரைக் கூடியவரை நேராக வைத்திரு என்கிறார். பாடப்புத்தகக் கோட்டையே வேதமாக நம்பி வருபவர்களுக்கு இது முதலில் உறைக்கும்.

சொல்வது எளிது. செய்து காட்டும்போதுதான் வாத்தியாரின் தேவை தெரிகிறது. பெரும்பாலானவர்கள் கவலைப்படுவது பிரேக்கை எங்கே மிதிப்பது என்பதைப் பற்றி. நேரம் ஒளிந்திருப்பதோ பிரேக்கை எப்படி விடுகிறோம் என்பதில். சட்டென்று காலை எடுத்தால் தாழ்ந்திருந்த மூக்கு துள்ளி எழும். முன்டயர்களின் பிடி தளரும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளியே வழுக்கிக்கொண்டே போகும். தூங்கிவிட்ட குழந்தையின் தலைக்கு அடியில் இருந்து கையை உருவுவதுபோல விட வேண்டும். கால் விலக விலக, அதே அளவுக்குக் கை திரும்ப வேண்டும். கையும் முதலில் மெதுவாக ஒரு சின்ன அசைவைக் கொடுத்து, எடை வெளிப்பக்க டயரில் அமர்ந்த பிறகே மிச்சத்தைத் திருப்ப வேண்டும். 23 கார் பந்தயங்களை மட்டுமே ஓட்டிவிட்டு 2001இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தவர் ராய்க்கோனன். அப்படிப்பட்ட பிறவித் திறமைக்காரரே இதற்காக ஒரு விமானத் தளத்துக்குப் போனார் என்பதை நம் ஊர் இளம் டிரைவர்கள் கவனிக்கலாம்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் பாடத்தில்தான் தொடங்கினார். 1992இல் பிரான்ஸின் வின்ஃபீல்டு ரேஸிங் பள்ளிக்குப் போனவர், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டன் அணியின் காரில் இருந்தார்.

பக்கத்து சீட் இல்லாத ஒற்றை இருக்கைக் காரில் வாத்தியாரின் வேலையை டெலிமெட்ரி செய்கிறது. வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் நான்கும் கோடுகளாக ஓடும். இரண்டு டிரைவர்களின் லேப்பை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், யார் எந்த இடத்தில் தயங்கினார் என்பது அப்பட்டமாகத் தெரியும். இதன் மதிப்பு எவ்வளவு என்பதற்கு 1995இன் பெனட்டன் அணியே சாட்சி. ஷூமாக்கரின் டெலிமெட்ரியைத் தன் கண்ணில் காட்டவில்லை என்று சக வீரர் ஜானி ஹெர்பர்ட் பின்னாளில் பலமுறை குறைபட்டிருக்கிறார். அந்த ஆண்டு அவர் இரண்டு பந்தயங்களை வென்றார் என்பதும் உண்மை. அந்தக் கோடுகளும் கையில் இருந்திருந்தால்?

ஆனால் கார் ஓட்டும் கோடு எதுவுமே நிரந்தரமில்லை. வெயிலில் ரேஸிங் லைனில் படிந்த டயர் ரப்பர் பிடிப்பைத் தரும். மழை பெய்தால் அதே ரப்பர் வழுக்கும். அப்போது பிடிப்பு இருப்பது யாரும் ஓட்டாத இடத்தில். அதே லெஸ்டர்ஷயரில் உள்ள டோனிங்டன் பார்க்கில், 1993 ஏப்ரல் 11 அன்று மழை. நான்காவது இடத்தில் இருந்து கிளம்பிய அயர்டன் சென்னா, தொடக்கத்தில் ஐந்தாவது இடத்துக்குச் சறுக்கி, முதல் லேப் முடிவதற்குள் ஷூமாக்கர், வெண்ட்லிங்கர், டேமன் ஹில், புரோஸ்ட் நால்வரையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். வெண்ட்லிங்கரைத் தாண்டியது கிரேனர் சரிவில், வெளிப்பக்கமாக. வெயில் நாளில் அந்தப் பக்கம் போயிருந்தால் எந்தப் பயிற்சியாளரும் திட்டியிருப்பார்.