இரண்டு வரி போதுமா?

ராஸ்பெர்ரி பை ஜீரோவை யூஎஸ்பி கேபிள் வழியா லேப்டாப்புடன் நெட்வொர்க் செய்யச் சொல்லும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கன்ஃபிக் கோப்பில் ஒரு வரி, கெர்னல் கட்டளை வரியில் ஜி-ஈதர் மாட்யூல், கேபிளைப் பவர் போர்ட்டில் சொருகாமல் பக்கத்து யூஎஸ்பி போர்ட்டில் சொருகணும். எஸ்எஸ்ஹெச் கிடைச்சதும் கட்டுரை முடிஞ்சிடும்.

என் குறை அங்கேதான் ஆரம்பிக்குது. நாமாகக் கொடுக்காவிட்டால் ஜி-ஈதர் ஒவ்வொரு பூட்டிலும் புது மேக் முகவரியை உருவாக்கிக்கொள்ளும். பழைய முகவரியை நம்பி லேப்டாப்பில் சேமித்த ஐபி, இன்டர்நெட் பகிர்வு எதுவும் ஒட்டாது. கேபிள்தான் கோளாறுன்னு தோணும். இரு முனைக்கும் முகவரியை நிலைப்படுத்த ஹோஸ்ட்-அட்ரஸ், டெவ்-அட்ரஸ் என்ற அளவுருக்கள் அந்த மாட்யூலிலேயே இருக்கு. அதைச் சொல்லாத வழிகாட்டியைப் பாதி வழிகாட்டின்னுதான் சொல்வேன்.