முகப்பும் முதுகும்

பாத் நகரத்தின் ராயல் கிரெசென்ட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முகப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். 1767க்கும் 1774க்கும் இடையில் இளைய ஜான் வுட் எழுப்பிய 30 வீடுகள், பிறையாய் வளைந்து நிற்கும் 114 அயோனிக் தூண்கள், தேன்நிறச் சுண்ணாம்புக்கல். அறிவொளிக் காலத்துப் பகுத்தறிவு கல்லாய்ச் சமைந்திருக்கிறது என்று ஒரு பாராட்டு. சரி, அப்படியே வச்சுக்குவோம். பின்னால போய்ப் பார்த்தா?

பின்பக்கம் வேறொரு பிரதி. மனை எடுத்தவர்கள் வாங்கியது முகப்பில் இத்தனை அடி நீளம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் அவரவர் கட்டடக்காரரை வைத்து அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள். கூரைகள் ஏறி இறங்குகின்றன. ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. இதைக் கபடம் என்று நான் சொல்லமாட்டேன். மனை வணிகம் தனக்கென உண்டாக்கிக்கொண்ட அழகியல் இது. 'சமம்' தெருவுக்குக் காட்டுகிற முகம் மட்டுமே.

அதைவிட என்னை உறுத்துவது புல்வெளியிலுள்ள 'ஹா-ஹா'. பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டிய தடுப்புச் சுவர். மேலே குடியிருப்போரின் புல்தரை, கீழே மேய்ச்சல் நிலம். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரே பச்சை, சுவரே தெரியாது. கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்குத்தான் சுவர். அதிகாரத்தை இவ்வளவு சுருக்கமாய்ச் சொல்லும் இன்னொரு கட்டுமானம் எனக்குத் தெரியாது.

கல், ரால்ஃப் ஆலனின் கூம் டவுன் சுரங்கங்களால் பேர்பெற்ற பாத் கல் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது? பக்கத்து சர்க்கஸ் வட்டத்தில் ஒரு வீடு ராபர்ட் கிளைவுடையது. 1751இல் ஆற்காட்டைப் பிடித்த அதே கிளைவ். லான்ஸ்டவுன் கிரெசென்டில் குடியிருந்த வில்லியம் பெக்ஃபோர்டின் சொத்து ஜமைக்காவில் அடிமைகள் வெட்டிய கரும்பு.

1ஆம் எண் வீடு இன்று அருங்காட்சியகம். அதிலிருந்து பிரிந்துகிடந்த வேலைக்காரர் பகுதி 2013இல்தான் மறுபடி வந்து சேர்ந்தது.

முகப்பு வழிபாட்டுக்குப் பலிகளும் உண்டு. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பெரிய பிறைகளைப் பொத்திப் பாதுகாத்த நகரம், அதே ஜார்ஜியக் காலத்துக் கைவினைஞர்களின் சிறு வீடுகளைத் தெருத்தெருவாக இடித்தது. 'பாத் சூறையாடல்' என்றே 1973இல் ஆடம் ஃபெர்குசன் ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. 1987இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது இடிபடாமல் மிஞ்சியதுதான்.

அந்த இடிப்புகள் நடந்துகொண்டிருந்த நாளில் நகராட்சி மல்லுக்கு நின்றது எதற்காக? கிரெசென்டின் 22ஆம் எண் வீட்டுக்காரி தன் கதவுக்கு மஞ்சள் அடிச்சுட்டாள். வெள்ளைதான் அடிக்கணும் என்று நோட்டீஸ். கடைசியில் மந்திரி வரைக்கும் போய், மஞ்சளே இருக்கட்டும் என்று தீர்ப்பானது.