திரையில் பெய்யும் மழை

1995இல் வெளிவந்த ‘ஹேக்கர்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கணினியில் கைதேர்ந்த மாணவன் ஒருவன் பள்ளியின் தீயணைப்புத் தெளிப்பான்களைக் கணினி வழியே இயக்கிவிடுகிறான். குறித்த நேரத்தில் கூரையெங்கும் நீர் கொட்டுகிறது. வேடிக்கைக் காட்சி என்ற அளவில் நன்றாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானம் என்று பார்த்தால் தேறாது.

ஏன் என்கிறீர்களா? பள்ளிகளிலும் வீடுகளிலும் வழக்கமாகப் பொருத்தும் தெளிப்பானுக்குக் கணினியோடு உறவே இல்லை. அதன் வாயை அடைத்திருப்பது ஒரு சிறு மூடி. மூடியைத் தாங்கி நிற்பது சுமார் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குமிழ். அதனுள் நிறமூட்டிய திரவம். சூட்டில் திரவம் விரிய, சிவப்புத் திரவமாயின் 68 டிகிரி சென்டிகிரேடில் குமிழ் உடைகிறது. மூடி விழுந்து நீர் பாய்கிறது. தீயின் சூடு எட்டிய தெளிப்பான் மட்டுமே திறக்கும். அடுத்த அறையிலுள்ளது சும்மா இருக்கும். வெறும் புகைக்கு அது அசையாது. (எல்லா வாய்களும் ஒருங்கே கொட்டும் அமைப்பும் உண்டு. அது எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கு உரியது.)

படந்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் கலிபோர்னியாவில் 2011 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் தெளிப்பான் கட்டாயம். இத்தகைய காட்சிகளை நம்பும் வீட்டுக்காரர் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதைக் கவனியாது விடுகிறார். இதுவே எனக்குள்ள வருத்தம்.

உண்மையான நீர்ச்சேதத்தில் முதற் குற்றவாளி குளிர். கலிபோர்னியாவிலும் மலைப்பகுதிகளில் கடும்பனி உண்டு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே ஓடும் குழாய் அதைத் தாங்காமல் வெடிக்கும். உறைந்த நீர் உருகிய பின்னரே வீட்டாருக்குத் தெரியும். குளிர்காப்புப் பஞ்சைக் குழாய்க்கு அடியில் திணிக்காமல், மேலே கூடாரம்போல் போர்த்த வேண்டும். அப்போது அறையின் வெப்பம் கீழிருந்து குழாயை எட்டும். மாற்றிப் போட்டால் பஞ்சே அந்த வெப்பத்தைத் தடுத்துவிடும்!

அடுத்தது நம் கை. சட்டை மாட்டும் ஹேங்கரைத் தெளிப்பானில் தொங்கவிடுவதும், ஏணியால் இடிப்பதும் குமிழை உடைக்கும்.

ஒரு தெளிப்பான் நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் கொட்டும். அரை மணியில் 1,500 லிட்டர். ஆகவே அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெரியவர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடைந்த தெளிப்பானை மீண்டும் பயன்படுத்த இயலாது. புதியதைப் பொருத்தியதும் வால்வைத் திறந்துவிட மறக்கக் கூடாது.