நல்லந்துவனார் படைத்த வானம்

வையையைப் பாடும் பரிபாடலின் 11ஆம் பாடல் வானத்தில் தொடங்குகிறது. ஆசிரியர் நல்லந்துவனார் வெள்ளியை இடபத்திலும், செவ்வாயை மேடத்திலும், புதனை மிதுனத்திலும், வியாழனை மீனத்திலும், சனியை மகரத்திலும் நிறுத்துகிறார். திங்களைப் பாம்பு மறைக்கிறது. பின்னர்ச் சைய மலையில் மழை. மழையின் பின் வெள்ளம்.

இக்கோள்நிலையைக் கொண்டு பாடலின் காலத்தைக் கணித்தோர் உளர். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கண்ட விடை கி.பி. 634. வகுப்பறையில் இவ்வாண்டே பெரிதும் பேசப்படுகிறது, பாட்டோ பின்தங்கிவிடுகிறது. இது முறையன்று என்பேன்.

கோள்களின் இருக்கையை மீண்டும் நோக்குக. ஐந்தும் சோதிட நூல் தமக்கு வகுத்த சொந்த வீடுகளிலேயே இருக்கின்றன. இயற்கை வானம் இத்துணை ஒழுங்காய் வாய்ப்பது அரிது. ஞாயிறும் தன் வீடாகிய சிங்கத்தில் நின்றதெனக் கொள்ளும் உரைவழியை ஏற்பின், அது நடவாத வானமே ஆகும். புதன் ஞாயிற்றைவிட்டு ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. மிதுனத்துக்கும் சிங்கத்துக்கும் இடையிலோ கர்க்கடகம் 30 பாகை அகன்று கிடக்கிறது!

ஆகவே, புலவர் வானத்தைக் கண்டெழுதினார் என்பதினும் படைத்தார் என்பதே பொருந்தும். பட்டினப்பாலையில் வெள்ளி திசைமாறித் தென்புலம் சென்றாலும் காவிரி பொய்ப்பதில்லை; அங்கே கோளை மீறி ஆறு வெல்கிறது. இங்கே கோள்கள் தத்தம் இல்லம் சேர, ஆறு பெருகுகிறது. ஒரே வானம், இருவேறு கவியுள்ளம்.

எங்கள் பூன் லே வட்டாரத்து மாணவர், கணினி விளையாட்டுகளில் புனையப்பெற்ற கோள்களையும் அவற்றின் நிலவுகளையும் மனப்பாடமாய் ஒப்பிப்பர். நல்லந்துவனாரின் வானத்தையும் அவர்கள் வரைந்து பார்க்கட்டும். ஆண்டைப் பிறகு கேட்கலாம்.