டப்பாவின் தோன்றா எழுவாய்

குழந்தைகளுக்கான ‘ஆரோக்கியமான லஞ்ச் பாக்ஸ்’ குறிப்புகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். பெண்கள் இதழ்களின் இணைப்புப் புத்தகங்கள், குழந்தை மருத்துவரின் காத்திருப்பறையில் கிடக்கும் துண்டுத்தாள்கள், ஜூன் மாதத்தில் பள்ளி அனுப்பும் சுற்றறிக்கைகள். சமைப்பதற்காக அல்ல, வாசிப்பதற்காக. இவ்வளவு அச்சாகியும் விமர்சகர் யாரும் தொடாத உரைநடை இது.

இதன் இலக்கணம் எளிது. நறுக்குங்கள், வதக்குங்கள், கட்டிக் கொடுங்கள். எல்லாம் ஏவல். எழுவாய் எழுத்தில் இல்லை. வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லித் தருகிறேன். ‘நீங்கள்’ என்று மாணவர்கள் நிரப்பிவிடுவார்கள். யார் அந்த நீங்கள்? முந்தைய இரவே காய் நறுக்கிக் குளிரில் வைக்க ஃப்ரிட்ஜ் உள்ளவள். இரவு பத்து மணிக்கும் நறுக்கத் தெம்புள்ளவள். காலை ஏழரைக்கு வீட்டில் இருப்பவள். மூன்றும் சேர்ந்த பெண்ணைத்தான் இந்த உரைநடை தன் வாசகியாகக் கற்பித்துக்கொள்கிறது.

நான் இருப்பது ஏலகிரி மலையில், அத்தனாவூரில். புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் கல்லூரிக்குப் போகிறேன். அந்த முதல் பேருந்தில் சில மாதங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு பெண் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். மடியில் இரண்டாம் வகுப்பு மகன் தூங்குவான். அடிவாரத்துப் பொன்னேரியில் அவனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அவர் கம்பெனி வேனில் ஏறுவார். அவர் டப்பா மூடுவது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில், விடிவதற்கு முன். அது திறப்பது பகல் பன்னிரண்டரைக்கு, தரையில், சித்திரைக்கு முன்னும் பின்னும் கொளுத்துகிற வெயிலில். எந்தக் குறிப்பும் இந்த ஏழு மணி நேரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதில்லை.

அவர் செய்வதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். சாதம் வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி விசிறுவார். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வியர்த்துச் சொட்டும், சாதம் ஊசிப்போகும். தயிர்சாதத்தில் தயிர் ஒரு கரண்டிதான், மீதி காய்ச்சி ஆற்றிய பால். வழியிலேயே உறைந்து மதியத்துக்குப் பதமாகிவிடும். தேங்காய்ச் சட்னி கிடையாது, நல்லெண்ணெயில் குழைத்த பூண்டுப்பொடிதான். முட்டையை அவித்து ஓட்டோடு வைப்பார், பையனே உரித்துக்கொள்வான். வெயில் ஏறிவிட்டால் வாரத்தில் மூன்று நாள் புளிக்காய்ச்சல்.

இதைப் பாட்டி வைத்தியம் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அரிசியில் இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும். அது விடும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சீக்கிரம் ஆற்றுவதும் புளிப்பேற்றுவதும் அதற்கு எதிரான வேலைகள். ஆனாலும் ஏழு மணி நேரம் நீண்ட நேரம்தான். நாற்பது டிகிரியில் பால் சேர்த்த சோறு தப்புவது நிச்சயமில்லை. அவருக்கு அது தெரியும். அதனால்தான் வெயில் நாளில் தயிர்சாதம் நின்று புளிசாதம் வருகிறது. ‘தினமும் ஒரே சாதமா’ என்று பள்ளி நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதியனுப்பிய ஆசிரியைக்கு இது தெரியவில்லை.

“வீட்ல ஃப்ரிட்ஜ் இருந்தா என்ன செய்வீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். புதிதாக ஏதாவது சமைப்பதைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“இன்னா மேடம், ஒரு மணி நேரம் சேத்துத் தூங்குவேன். அவ்ளோதான்.”

என் சேகரிப்பில் உள்ள அத்தனை தாள்களையும் இந்தப் பதிலை வைத்துத்தான் மறுபடி வாசித்தேன். ஃப்ரிட்ஜ் உணவைக் காப்பதற்கு முன் நேரத்தைக் காக்கிறது. இரவில் செய்ததைக் காலைக்கு நகர்த்தித் தருகிறது. அது இல்லாத வீட்டில் நறுக்குவது முதல் ஆற்றுவது வரை நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஒருத்தியின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. 2006க்குப் பிறகு அரசு தொலைக்காட்சி கொடுத்தது, 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அரைக்கும் கை கொஞ்சம் ஓய்ந்தது உண்மை. விழித்திருக்கும் கண்ணுக்கு அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

‘ஆரோக்கியம்’ என்ற சொல்லிலும் ஒரு சாதி இருக்கிறது. புரதத்துக்கு இந்தத் தாள்கள் பெரும்பாலும் சொல்வது பனீர். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பனீர் ஒரு பகல் தாங்காது. உப்புக்கண்டம் மாதக்கணக்கில் தாங்கும். வறுத்த நாலு துண்டு போதும், ஒரு டப்பா புளிசாதம் இறங்கிவிடும். மாட்டுத்தோலுக்கு உப்பிட்டு அடுக்கும் ஊர்களில் இறைச்சிக்கும் உப்பிடத் தெரியாதா? ஆனால் ஒரு தாளிலும் அந்தச் சொல் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிப்போனது. தெருவிலேயே இடமில்லாதது ஏழு வயதுப் பையனின் டப்பாவில் எப்படி வரும்? என் மகள் படித்த ஒரு பள்ளி, ‘வாசனை வரும் உணவு வேண்டாம்’ என்று நாகரிகமாக எழுதியது. முட்டையைத்தான் சொன்னார்கள். நானும் நிறுத்தினேன், ஒரு வார்த்தை கேட்காமல்.

டப்பாவை அரசு பகிர்ந்துகொண்ட கதையும் உண்டு. 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. ஒன்று முதல் ஐந்து வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு விடியற்காலையில் ஒரு அடுப்பு அணைந்திருக்கிறது. இதைக் குறைத்துப் பேசும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். ஆனால் அந்த உப்புமாவைக் கிளற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண் எத்தனை மணிக்கு எழுகிறாள்? சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டு எத்தனை முறை சாலையில் உட்கார்ந்தார்கள்? எழுவாய் மாறியிருக்கிறது, பால் மாறவில்லை. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அங்கே பாலோ சிற்றுண்டியோ இலவசமாகத் தர விதி வகுக்கலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. பிள்ளையின் சாப்பாடு ஆலையின் கணக்கிலும் வரலாம் என்று ஒரு காலத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நம் இலக்கியத்திலும் தேடினேன். குறுந்தொகையில் தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட, ஒருத்தி புளிக்குழம்பு வைக்கிறாள். அவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் மலர்கிறது. அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கூடலூர் கிழார், அவள் சாப்பிட்டாளா என்று பார்க்கவில்லை. சோறு கட்டிக்கொண்டு வந்த ஆண் என்று எனக்கு நினைவுக்கு வருபவர் ஒருவர்தான்: பெரியபுராணத்தில், திருப்பைஞ்ஞீலி போகும் வழியில், பசித்த அப்பருக்குப் பொதிசோற்றோடு காத்திருந்த சிவன். அதற்கும் கடவுளாக இருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் எழுதும் என் வீட்டில் சாதம் ஆற்றத் தெரிந்தவள் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தேன். மகனுக்குப் பதினைந்து ஆகிறது. அவனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஜூனில் அவனை நாலரைக்கு எழுப்பினேன். முதல் நாள் தயிரை அள்ளிக் கொட்டினான், மதியம் புளித்துப்போய் அப்படியே திரும்ப வந்தது. இரண்டாம் நாள் சூட்டோடு மூடினான். மூன்றாம் நாள் தட்டில் பரப்பிவிட்டு, பக்கத்தில் நின்றபடியே தூங்கினான்.

நான் எழுப்பவில்லை. வேன் வர இன்னும் நேரம் இருந்தது.