மீநுண் படிகங்களின் ‘வடிவக் கட்டுப்பாடு’: நிக்கல் ஹைட்ராக்சைடை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

உலோக ஹைட்ராக்சைடுகளின் மீநுண் படிகங்களைத் தகடாகவும் கோலாகவும் மலராகவும் விளைவித்ததாகக் கூறும் ஆய்வுரைகளில் ‘வடிவத்தைக் கட்டுப்படுத்துதல்’ என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது. அத்தொடர் எதனைக் குறிக்கிறது, எவ்வகைச் சான்றால் நிலைபெறும் என்பவற்றை நிக்கல் ஹைட்ராக்சைடின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு சொல், மூன்று பொருள்

வைரத்தையும் கிராஃபைட்டையும் தமிழ்ப் பாடநூல்கள் கார்பனின் ‘புறவேற்றுமை வடிவங்கள்’ என்கின்றன. ஆனால் அங்கு வேறுபடுவது அணுக்களின் உள்ளமைப்பே. இவ்வாறு ‘வடிவம்’ என்னும் சொல் உள்ளமைப்பையும், தனிப்படிகத்தின் புறத்தோற்றத்தையும், பல படிகங்கள் கூடிய திரளின் தோற்றத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. வன்னியம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று ஆய்வுக்கு வரும் மாணவர் இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ள இச்சொல்லே இடந்தருகிறது.

நிக்கல் ஹைட்ராக்சைடு தரும் சான்று

இச்சேர்மம் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு நிலைகளில் அமைகிறது. பீட்டா நிலையில் அடுக்கிடைத் தொலைவு ஏறத்தாழ 0.46 நானோமீட்டர். ஆல்ஃபா நிலையில் நீரும் எதிரயனிகளும் இடையே புகுவதால் அது 0.75 நானோமீட்டர் அளவிற்கு விரிகிறது. இரண்டும் அடுக்குச் சேர்மங்களாதலின் மெல்லிய தகடாக வளர்வது அவற்றின் இயல்பு. அத்தகடு ஆய்வாளர் அளித்த வடிவமன்று, உள்ளமைப்பு அளித்தது. ‘மலர்’ எனப்படுவதோ பெரும்பாலும் அத்தகடுகளின் திரள். மேலும், இருவகை அடுக்குகளும் ஒரே படிகத்துள் விரவி வரக்கூடும் என்பதை மைக்கேல் ராஜமதி, பி. விஷ்ணு காமத், ராம் சேஷாத்ரி ஆகியோரின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது.

காரணம் காட்டுவதில் உள்ள சிக்கல்

சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மாற்றாக யூரியாவைப் பயன்படுத்தி வேறு தோற்றம் பெறப்பட்டால், அதனை யூரியாவின் வடிவக் கட்டுப்பாடு எனக் கூறிவிட இயலாது. சூடேறிய கரைசலில் யூரியா சிதைந்து காரத்தன்மையை மெல்ல உயர்த்துவதோடு கார்பனேட்டையும் தருகிறது. அவ்வயனி அடுக்குகளிடையே புகுந்து ஆல்ஃபா நிலைக்குத் துணைசெய்கிறது. ஆகவே மாறியது புறவடிவம் மட்டுமன்று. சேர்மத்தின் நிலையும் மாறியிருக்கலாம்.

இவ்வேறுபாடு மின்கல ஆய்வில் பெரும் விளைவுடையது. ஆல்ஃபா நிலை மின்னேற்ற இறக்கத்தில் கூடுதல் எலக்ட்ரான்களைப் பரிமாற வல்லது. எனினும் செறிந்த காரத்தில் பீட்டாவாக மாறிவிடும். நிக்கலின் ஒரு பகுதிக்கு ஈடாக அலுமினியத்தைச் சேர்த்து அதனை நிலைப்படுத்தலாம் எனக் காமத் குழுவினர் 1994-இல் காட்டினர். அங்குப் பயன் தந்தது உள்ளமைப்பு மாற்றம். அத்தகைய பயனை மலர்த்தோற்றத்தின் கணக்கில் வரவுவைக்கும் ஆய்வு, பின்வரும் ஆய்வாளரைப் பயனற்ற வழியில் செலுத்தும்.

முடிவுரை

வடிவக் கட்டுப்பாடு பொய்யன்று. குறிப்பிட்ட முகத்தில் ஒட்டும் சேர்மங்கள் அம்முகத்தின் வளர்ச்சியைத் தடுத்துத் தகட்டின் தடிமனையும் அகலத்தையும் மாற்ற வல்லன. ஆயினும் அதனை நிறுவ நுண்ணோக்கிப் படம் ஒன்று போதாது. ஒரு காரணியை மட்டும் மாற்றுதல், சேர்மத்தின் நிலை மாறவில்லை என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் உறுதிசெய்தல், பல துகள்களை அளந்து பரவலைத் தருதல் ஆகிய மூன்றும் வேண்டும். தமிழில் எழுதுவோர் உள்ளமைப்பு, புறவடிவம், திரள்வடிவம் எனச் சொற்களைப் பிரித்தாளின், சான்றில்லாத இடம் எழுதும்போதே புலப்படும்.